நசுங்காத இரண்டு எலுமிச்சம்பழம்

கொளஞ்சி அக்காவுக்குக் கோபம் அதிகம் என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்வார்கள். பேசுகிறவர்கள் யார் என்று பார்த்தால் எல்லாம் ஆம்பளைகள். அவளோடு சேர்ந்து உப்புக் கூடை சுமந்து, ஒரே தூக்கில் கஞ்சி குடிக்கிறவள் நான். என்னைக் கேட்டால் அவளுக்கு இருக்கிற கோபம் போதாது.

எங்கள் தெரு மரக்காணம் உப்பளத்துக்கு அந்தப் பக்கம். மெயின் ரோட்டுக்கு வரப் பாத்திகளுக்கு நடுவே போகிற மண்கரைதான் வழி. வெயில் காலத்தில் அதில் லாரியே வரும். ஐப்பசியில் ஒரு மழை பிடித்தால் போதும், களிமண் வழுக்கி ஆட்டோகூட உள்ளே வராது. போன வருஷ மழையில் அக்காவின் புருஷனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே நின்றுவிட்டது. கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாதிக் கரையில் ஆள் போய்விட்டார். அதற்கு அப்புறமாவது ரோடு போடுங்கள் என்று கேட்டோம். ஆபீசர் என்று வந்தவன் எல்லாம் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

காரியம் முடிந்த கையோடு அக்கா உப்பளத் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். "ரோடு போடறப்ப போடட்டும். நாலு வீலும் இழுக்கற ஜீப்பு ஒன்னு வாங்குங்க. பழசு போதும். சின்னதா இருந்தாத்தான் கரையில ஓடும்" என்றாள். தலைவர் செல்லப்பன் யோசிக்கலாம் என்றார். யோசித்தார், யோசித்தார், புரட்டாசி வரைக்கும் யோசித்தார். அதற்குள் அக்காவின் மகள் சிவசங்கரி தலைப்பிரசவத்துக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அக்கா தினமும் செல்லப்பன் வீட்டு வாசலில் போய் நின்ற பிறகுதான் அவளையும் கூட்டிக்கொண்டு வண்டி பார்க்கக் கிளம்பினார்கள்.

பிரம்மதேசத்தில் பாவாடை என்று ஒரு வண்டி புரோக்கர். அவன் ஷெட்டில் சிவப்பு பெயின்ட் பளபளக்க ஒரு குட்டி ஜீப் நின்றது. நெற்றி நிறைய லைட்டு, உள்ளே பாட்டு. செல்லப்பன் அங்கேயே விழுந்துவிட்டார். பாவாடை கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டி லிவரை ஆட்டிக் காட்டினான்.

"இத்தப் போட்டா நாலு வீலும் இழுக்கும்க்கா. மலையே ஏறும்."

"எங்க ஊர்ல மலை எங்க இருக்குது? பக்கத்துல உழுத கழனி கெடக்குது பாரு, அதுல எறக்கிக் காட்டு" என்றாள் அக்கா.

பாவாடை பதில் சொல்வதற்குள் செல்லப்பன் குறுக்கே விழுந்தார். "இன்னா கொளஞ்சி, பூஜை போடாத வண்டிய யாராவது சேத்துல எறக்குவாங்களா?"

எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம். வாங்கின வண்டியை அம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுக்கும்வரை, சேறோ உப்புத் தண்ணியோ சக்கரத்தில் படக் கூடாது. பட்டால் வண்டி காவு வாங்கும் என்பார்கள்.

"காவு வாங்கறது வண்டி இல்லண்ணா, கரை" என்றாள் அக்கா. யார் காதில் ஏறியது? சேறு படாமலே வண்டி ஊருக்கு வந்தது.

பூஜையும் நடந்தது. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு பழம் வைத்தார்கள். வண்டி நகர்ந்தது, நாலும் நசுங்கின. செல்லப்பன் அக்காவைத் தேடி வந்து, "பாத்துக்க. நாலு பழமும் நசுங்கிடுச்சி, நாலு வீலும் வேல செய்யுது" என்றார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மாட்டு வண்டியைத் தள்ளிவிட்டாலும்தான் எலுமிச்சம்பழம் நசுங்கும். என் வாயில் நல்லா வந்தது, கோயில் வாசல் என்று அடக்கிக்கொண்டேன். இப்போதாவது சேற்றில் ஓட்டிப் பாருங்கள் என்று அக்கா கேட்டாள். நல்ல வண்டியை எதற்கு அழுக்காக்க வேண்டும் என்று ஷெட் போட்டு மூடி வைத்தார்கள்.

மழை பிடித்த மறுநாள் மத்தியானம் சிவசங்கரிக்கு வலி எடுத்தது. டிரைவர் அருண்ராஜ் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். பாதிக் கரையில் வண்டி புதைந்தது. அவன் அந்தக் குட்டி லிவரைப் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். பின்சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றி எங்கள் மூஞ்சியில் சேற்றை வாரி அடித்தன. முன்சக்கரம் இரண்டும் அசையாமல் நின்றன. அப்புறம்தான் தெரிந்தது, முன்னால் விசை கொண்டுபோகிற தண்டையே எவனோ எப்போதோ கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறான். லிவர் சும்மா அழகுக்கு.

ஓடிப்போய் எடுத்து வந்தது மறுபடி அதே கட்டில். உப்பு மூடுகிற தார்ப்பாயை மேலே பிடித்துக்கொண்டு தூக்கினோம். கட்டிலின் ஒரு கால் என் தோளில் இருந்தது. "அப்பா மாதிரி நானும் வழியிலயே போயிடுவனா அம்மா?" என்று சிவசங்கரி கேட்டாள். அக்கா அழவில்லை. பாவாடையை, செல்லப்பனை, போட்டோ எடுத்தவர்களை, ஒருத்தர் விடாமல் வைதுகொண்டே நடந்தாள். ரோட்டோரத்தில், ஆம்புலன்ஸ் கதவைத் திறப்பதற்குள், கட்டிலிலேயே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ.

அவர்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மறுநாள் நானும் அக்காவும் திரும்பினோம். ஜீப் அங்கேயே புதைந்து கிடந்தது. சுற்றிலும் கூட்டம். செல்லப்பன் சிரித்த முகமாக வந்தார். "பொட்டப்புள்ளயாமே. மகாலட்சுமி. எல்லாம் வண்டி வந்த ராசி, கொளஞ்சி."

அக்கா நேராக வீட்டுக்குப் போனாள். நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். சேற்றில் முட்டி போட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொன்றாகத் திணித்தாள்.

"ஏறு அருண்ராஜ். அந்த லிவரையும் போட்டு ஓட்டு."

எஞ்சின் உறுமியது. பின்னால் இருந்த பழங்கள் சேற்றோடு கூழாகிப் போயின. முன்னால் இருந்த இரண்டும் வைத்த இடத்திலேயே மஞ்சளாக இருந்தன. அக்கா அவற்றை எடுத்து முந்தானையில் துடைத்துச் செல்லப்பன் கையில் வைத்தாள். அதுவரை அண்ணா என்று அல்லாமல் அவரைக் கூப்பிட்டதில்லை அவள்.

"யோவ் செல்லப்பா, இத்த எடுத்துக்கினு பாவாடைகிட்ட போ. இந்த வண்டிய அவன் தலையிலயே கட்டிட்டு வேற கொண்டா. மொதல்ல இந்தச் சேத்துல ஓடட்டும், அப்பறம் நானே கற்பூரம் ஏத்தறேன்."

செல்லப்பன் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அக்கா தூரத்தில் ரோட்டோரத்தில் கிடந்த கட்டிலைக் கையால் காட்டினாள்.

"அதுவரைக்கும் உன் வீட்ல யாருக்கு நோவு வந்தாலும் அதான் வண்டி."