ஒரே வீட்டுக்கு ஆயிரம் ஆம்புலன்ஸ்

ரெஜினா இறந்த செய்தியை அவருடைய கணவர் அருள்தாஸ் நேற்றுக் காலை போனில் சொன்னபோது, ஆறுதல் சொல்வதற்கு முன்பே கேட்டுவிட்டேன்: “ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்துச்சுங்களா?”

“நொம்ப சீக்கிரமே வந்துருச்சுங்க சார். அதனாலதான் மூணு நாளு கெடச்சுது. மகளும் வந்து சேந்துட்டா. எல்லாருகிட்டயும் பேசிட்டுத்தானுங்க போனா.”

அழுகைக்கு நடுவிலும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஏன் என்று சொல்லியாக வேண்டும்.

சேலத்தில் எங்கள் சின்னக் கம்பெனி, மலைக் கிராமங்களுக்காக ஆம்புலன்ஸ் அழைக்கும் செயலி ஒன்றைச் செய்தது. இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிரல், வண்டியைத் தேட ஒன்று, டிரைவருக்குத் தகவல் அனுப்ப ஒன்று என்று தனித்தனிச் சிறு நிரல்கள் சேர்ந்து இயங்குவது அது. ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் கூப்பிட்டால் தாங்குமா என்று சோதிப்பது ரெஜினாவின் வேலை. மலைமேல் நாகலூரில் தம் வீட்டிலிருந்தே செய்தார். நான் குழுத் தலைவன்; பொறுமைக்குப் பேர்போனவன் அல்ல.

வெளியீட்டுக்கு முந்தைய வாரம் அவர் காய்ச்சலில் படுத்துவிட, சோதனையை நானே ஓட்டினேன். பிரமாதமாகத் தாங்கியது. எல்லோருக்கும் இனிப்புகூடக் கொடுத்துவிட்டேன். மறுநாள் ரெஜினா போன் செய்தார்.

“ஏனுங்க சார், ஆயிரம் தடவையும் ஒரே ஊட்டுக்கே கூப்பிட்டிருக்கீங்களே? மொத தடவ தேடுன விலாசத்த அது ஞாபகம் வெச்சுக்கிட்டு, மறுக்கா தேடாமயே பதில் சொல்லியிருக்குதுங்க.”

சுருக்கென்றது. “வெளியிடற நேரத்துல வம்பு பண்ணாதீங்க” என்று எரிந்து விழுந்தேன்.

“வேற வேற ஊட்டுல இருந்து கூப்பிட்டா வண்டி வருமான்னு இன்னும் தெரியாதுங்க சார். சோதனை சரின்னு நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்க” என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

குப்பனூர், வெள்ளக்கடை என்று ஆயிரம் வெவ்வேறு விலாசங்களைச் சேர்த்து மறுபடி ஓட்டினார். இடம் தேடும் நிரல் திணறியது. அதன் பதிலுக்குக் காத்து மற்றவையும் அப்படியே நின்றன. சரிசெய்து வெளியிட ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுக்க நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த விலாசப் பட்டியலின் கடைசி வரியில் தம் சொந்த விலாசத்தைப் போட்டிருந்தார். பிறகொரு நாள் கேட்டபோது, “எங்க ஊடும் ஒண்ணு இருக்கட்டுங்க” என்று சிரித்தார்.

இன்று அடக்கம் முடிந்து அலுவலகம் வந்ததும் செயலியின் பதிவுகளைத் திறந்தேன். அவருக்கு நெஞ்சுவலி வந்த அன்று மதியம் மலையெங்கும் மழை. பல ஊர்களிலிருந்து அழைப்புகள். அவற்றுக்கு நடுவே அந்த விலாசமும் இருந்தது. இரண்டே நொடியில் டிரைவருக்குத் தகவல் போயிருந்தது.

தாங்கிவிட்டது, ரெஜினா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.