முதலாளியம்மா ஒரு மாதம் டீ போடுகிறார்

பவுலினை அவருடைய சொந்தக் கம்பெனியிலிருந்தே தூக்கிவிட்டார்கள் என்ற செய்தியை, தானா ராத்தா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டி சானாய் கடையில் கேட்டேன். மூன்று மேசை தாண்டுவதற்குள் செய்தி நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்துவிட்டது. முதல் மேசையில், வேலையாட்கள் சேர்ந்து அவரை நீக்கியிருந்தார்கள். இரண்டாவது மேசையில், மெஷினையும் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்றாவது மேசைக்கு வந்தபோது, அவரிடம் வேலை பார்த்த பங்களாதேஷ்காரர் முதலாளியாகி, பவுலின் அவருக்கு டீ கலக்கிக்கொண்டிருந்தார்.

"பாவம் லா அந்த அம்மா," என்றார் ரொட்டி வீசுகிறவர். "ஞாயித்துக்கிழம சர்ச்சு வாசல்ல பாத்தேன். சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு. உள்ளுக்குள்ள என்னா சூசாவோ, என்னா கஷ்டமோ."

வதந்தியைச் சரிபார்க்கும் கெட்ட பழக்கம் எனக்குக் கிடையாது. சரிபார்த்தால் எழுதுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் பவுலினுக்கு போன் போட்டேன்.

"ஒங்கள நீக்கிட்டாங்களாமே?"

"பாதி உண்மைதான்," என்றார். "புதன்கிழமை மலைக்கு வாங்க. ஒம்பதரைக்குப் பசியாறுவோம். லேட்டா வராதீங்க, சொல்லிட்டேன்."

பவுலினுக்கு ஐம்பத்தொரு வயது. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா தோமஸ் தொழிற்சாலையில் இலை வாட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். பவுலின் திரிங்காப்பில் பூ கட்டும் கொட்டகையில் ஏழு வருடம் இருந்தார். அதன்பிறகு தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் துப்புரவு வேலை, பதினைந்து வருடம். அந்த ஹோட்டலுக்குக் கோலாலம்பூரிலிருந்து கம்பெனி கம்பெனியாக 'ஒற்றுமைப் பயிற்சி'க்கு வருவார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பலூன் உடைப்பார்கள். பின்னால் சாய்ந்து ஒருவர் கையில் ஒருவர் விழுவார்கள். 'நேர்மை, ஒற்றுமை, மேன்மை' என்று பெரிய துணியில் எழுதி, அவசர வழிப் பலகைக்கு மேலேயே கட்டுவார்கள். இரண்டு நாள் கட்டிப்பிடித்து முடித்தபிறகு, விருந்தில் மேனேஜர்களுக்குத் தனி மேசை போடப்படும். உடைந்த பலூன்களைப் பொறுக்குவது பவுலின்.

ஒருமுறை பயிற்சி கொடுத்தவர், மேலதிகாரியிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை மஞ்சள் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னாராம். எல்லாரும் எழுதினார்கள், போட்டார்கள், கை தட்டினார்கள். சாயங்காலம் பெட்டி குப்பைக்கு வந்தது.

"படிக்கக்கூடாதுதான். படிச்சிட்டேன்," என்று பவுலின் என்னிடம் சொன்னார். "ஒருத்தன் எழுதியிருந்தான், எங்க ஸ்டோர்ல லிப்ட் ரெண்டு வாரமா ஆடுது, சொன்னா யாரும் கேக்கலன்னு. அந்தப் பேப்பர் பெட்டியோட என் கையில கெடக்குது. நான் போயி அந்த லிப்ட நிப்பாட்ட முடியுமா?"

ஆறு வருடத்துக்கு முன், கொழுந்து வெட்டும் மெஷின் ஒன்று வாங்கித் தோட்டத்தில் குத்தகைக்கு வெட்ட ஆரம்பித்தபோது, அவர் மனதில் இருந்தது அந்த லிப்டுதான்.

மெஷினுக்கு ஐந்து பேர் வேண்டும். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேர் அதைத் தூக்கிப் பிடித்துச் செடிக்கு மேலாக நடத்திப்போவார்கள். பவுலின் ஒரு பக்கம், முப்பத்தெட்டு வயது குமுதா மறுபக்கம். வெட்டுப்பட்ட இலை விழும் நீளப் பையைப் பின்னால் பிடித்து வருவது ரஃபீக். மூன்றாவது மேசை முதலாளியாக்கியது இவரைத்தான். நிரம்பிய பையை லோரிக்குச் சுமப்பது ஜெஃப்ரி. பவுலினின் சித்தி மகன், வாய் ஓயாதவர். ஐந்தாவது ஆள் இருளப்பன், அறுபத்திரண்டு வயது. மெஷினுக்கு இரண்டு செடி முன்னால் நடந்து, கல், கம்பி, காய்ந்த கிளை, பாம்பு, குளவிக்கூடு என்று எது தென்பட்டாலும் "நிப்பாட்டு" என்று கத்துவது அவர் வேலை. இன்ஜின் சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும்.

இருளப்பன் தாராளமாகக் கத்துவார். ஒற்றைச் செருப்புக்குக் கத்தியிருக்கிறார். மைலோ டின்னுக்குக் கத்தியிருக்கிறார். ஒருமுறை தன் சொந்தத் தொப்பிக்கே கத்தினார். ஜெஃப்ரி அவருக்கு வைத்த பெயர் 'பஸ் ஸ்டாப்பு'. ஆனால் ஆறு வருடத்தில் அவர் கத்தி மெஷின் நிற்காத நாள் கிடையாது. ஒரு நாளைத் தவிர.

புதன்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால். மலைச்சரிவில் தகரக் கொட்டகை. கேஸ் அடுப்புக்கு முன்னால் பவுலின், கையில் கரண்டியோடு. நான் வராததால் பசியாறலைத் தள்ளிவைத்துவிட்டு, மற்ற நாலு பேரும் சரிவில் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒம்பதரைன்னு சொன்னேன்."

"கோலா தெர்லா பக்கம் காய்கறி லோரி வழிய அடைச்சிக்கிட்டு..."

"கோப்பையெல்லாம் இன்னிக்கு ஒங்களுது," என்று சுவரைக் காட்டினார்.

சுவரில் நீலப் பீப்பாயின் மூடி ஒன்று ஆணியில் தொங்கியது. அதில் நான்கு விதிகள், நான்கு கையெழுத்தில். ஒவ்வொன்றையும் அதற்காக அடிபட்டவரே எழுதவேண்டும் என்பது பவுலினின் ஏற்பாடு. 'நிப்பாட்டு என்றால் நிப்பாட்டு. ஏன் என்று பிறகு கேள்' என்பதை ஜெஃப்ரி எழுதியிருந்தார். அவருடைய பழைய பூட்ஸின் வெட்டுப்பட்ட முனையும் பக்கத்திலேயே தொங்கியது. 'மலையில் நடந்ததை மலையில் பேசு. லோரியில் ஏறினபின் பேசாதே' என்பது குமுதா. ஒரு சண்டையைப் பேசாமலே லைனுக்குக் கொண்டுபோனதில், இரண்டு வீட்டுக்காரர்கள் தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொள்ளாமலே விட்ட வருடம் அவர் எழுதியது. 'எல்லாரும் ஒன்றாய்ப் பசியாற வேண்டும், லேட்டா வந்தவர் கோப்பை கழுவ வேண்டும்' என்பது இருளப்பன். நான்காவதை ரஃபீக் வங்காளத்தில் எழுதியிருந்தார். மற்ற யாருக்கும் படிக்கத் தெரியாது. எல்லாருக்கும் மனப்பாடம்.

"நாலாவது இதான்: முதல் விதிய மீறினவங்க ஒரு மாசம் மெஷினத் தொடக்கூடாது, டீ போடணும். யாரா இருந்தாலும்," என்றார் பவுலின். "நான்தான் மீறிட்டேன். இன்னிக்குப் பத்தொம்பதாவது நாள்."

நடந்தது இவ்வளவுதான். அன்றைக்கு இலை லோரி கிளம்பும் நேரம். கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் நாலைந்து செடி வெட்டினால் வரிசை முடியும். இருளப்பன் கத்தினார். பவுலின் காதில் விழுந்தது. இன்னொரு செருப்பாக இருக்கும் என்று நினைத்து நாலு எட்டு நடந்துவிட்டார். குமுதாவும் மறுபக்கம் இழுபட்டுப் போனார். செடிக்குள் குளவிக்கூடு.

குமுதாவுக்கு ஏழு கொட்டு. தானா ராத்தா மருத்துவமனையில் ஊசி போட்டு, தொங்கிய உதட்டோடு மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பவுலினுக்குத் தூக்கம் போனது. பசியாறும் நேரத்தில் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை.

"பரவால்லக்கா," என்றார் குமுதா.

"லிப்ஸ்டிக் செலவு மிச்சம்," என்றார் ஜெஃப்ரி.

இருளப்பன் மட்டும் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "எம்மேலதான் தப்பு தங்கச்சி. மெதுவா கத்திட்டேன்," என்றார்.

அவர் கத்தியது பக்கத்து மலையில் பூச்சி மருந்து அடித்தவர்களுக்கே கேட்டிருந்தது.

அன்று சாயங்காலம் பவுலின் யாரையும் லோரியில் ஏறவிடவில்லை. மலையில் நடந்ததை மலையில் சொல்லுங்கள் என்று தூறலில் நின்றார். இருபது நிமிடம் எல்லாரும் நனைந்தார்கள். லோரிக்காரர் ஹாரனில் சாய்ந்து படுத்தேவிட்டார். கடைசியில் குமுதா வீங்கின வாயால் சொன்னார்:

"அக்கா, ஒங்களுக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டுத்தான் நடந்தீங்க."

பவுலின் கையுறையைக் கழற்றி ஜெஃப்ரியிடம் கொடுத்தார். 'நீக்கப்பட்ட' கதை அவ்வளவுதான்.

தண்டனை யாருக்கு என்பதில்தான் எனக்கு ஒரு சந்தேகம். பவுலின் போட்ட டீயை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். மூன்று தலைமுறையாகத் தேயிலையோடு வாழும் குடும்பத்தில் இப்படி ஒரு டீ எப்படிச் சாத்தியம் என்று தெரியவில்லை. அவருடைய கணவர் பிரெட்ரிக் காய்கறி லோரி ஓட்டி வாரத்தில் ஆறு நாள் வெளியிலேயே இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்கவில்லை.

"சக்கர தூக்கலா?" என்றார் பவுலின்.

"இல்ல, சரியா இருக்கு," என்றேன். பத்திரிகைக்காரனுக்கும் சில தர்மங்கள் உண்டு.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருநாள் வந்து பார்த்திருக்கிறார். ஜெஃப்ரி கைக்கு மெஷின் போனதும் செடி வரிசைகள் போலீஸ் பயிற்சிக்குப் போன பையன் தலைபோல ஏறியும் இறங்கியும் இருந்தன. "கொழுந்து நேரத்துல நீயே புடிம்மா. துரைக்கு யாரு சொல்லப்போறா?" என்றாராம்.

"ரஃபீக் பாப்பாரே," என்று பவுலின் பதில் சொல்லியிருக்கிறார். கிராணிக்குப் புரியவில்லை.

ஆனால் பவுலினின் பயம் கோணல் வரிசையோ குத்தகையோ இல்லை. கரண்டியால் இருளப்பன் பக்கம் காட்டினார்.

"பாருங்க. அண்ணன் கத்துறதையே விட்டுட்டாரு."

பார்த்தேன். இருளப்பன் மெஷினுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். எதையாவது கண்டால் கத்துவதற்குப் பதிலாகச் சட்டென்று குனிந்து, கையை விட்டுத் தானே எடுத்து எறிந்துவிட்டு நகர்ந்தார். கல், குச்சி, ஒரு பிளாஸ்டிக் போத்தல். ஒவ்வொரு தடவையும் வெட்டுக்கத்தி அவர் விரலுக்கு இரண்டு எட்டு தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

"பத்தொம்பது நாளா இப்படித்தான். கத்துங்கண்ணேன்னு சொல்லிப் பாத்துட்டேன். சரி தங்கச்சிங்கிறாரு, கத்த மாட்டேங்கிறாரு. விதிய மூடியில எழுதிறலாம். ஒரு மனுசனப் போயி, என்னைய நம்புன்னு எப்படி எழுதி மாட்டுறது?"

"டீ போட்டா நம்பிருவாரா?"

"தெரியல. வேற என்னா கையில இருக்கு எனக்கு?"

எல்லாரும் வந்து பசியாறி முடித்தபின் மெஷின் மறுபடி கிளம்பியது. நான் கழுவவேண்டிய ஆறு கோப்பைகளையும் தொட்டியருகே அடுக்கிவிட்டு, கழுவாமல் நின்று வேடிக்கை பார்த்தேன். இந்தப் பக்கம் ஜெஃப்ரி, அந்தப் பக்கம் குமுதா. முன்னால் இருளப்பன். சரிவின் நடுவில் அவர் நின்றார். குனிந்தார். கை செடியை நோக்கிப் போனது. என் பக்கத்தில் பவுலின் கரண்டியைக் கீழே வைத்தார். கை பாதியில் நின்றது. மனிதர் நிமிர்ந்தார். கொட்டகைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நிப்பாட்டு."

பெரிய கத்தல் இல்லை. தொண்டை பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆனால் மெஷின் அந்த எட்டிலேயே நின்றது. ஜெஃப்ரி இன்ஜினை அணைத்தார். மலை முழுக்க அமைதி. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இருளப்பன் செடிக்குள் கைவிட்டு ஒரு ரோஸ் நிற செல்ஃபி கம்பை உருவி எடுத்தார். படம் எடுக்க வரும் ஏதோ சுற்றுப்பயணி விட்டுப்போனது. மெஷின் கத்தி அந்த இரும்பில் பட்டிருந்தால் தெறித்திருக்கும்.

"நின்னதுதான் நின்னோம் மாமா, ஒரு செல்ஃபி எடுத்துக்குவோமா?" என்றார் ஜெஃப்ரி.

"ஒன் மூஞ்சிய எடுத்தா கம்பு உடைஞ்சிரும் போடா," என்றார் இருளப்பன். இந்தத் தடவை சத்தமாகவே.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பவுலின் கவனிக்கவில்லை. தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரே பொக," என்றார். கேஸ் அடுப்பில் புகை வராது என்று நான் சொல்லவில்லை.

அடுத்த வரிசைக்கு மெஷினைத் திருப்பும்போது இருளப்பன் கொட்டகைக்கு வந்தார்.

"தங்கச்சி, போதும் லா. நாளைக்கு நீயே மெஷினப் புடி. இந்த டீய இன்னும் பதினோரு நாள் குடிச்சா நாங்க தாங்க மாட்டோம்."

குமுதா தலையாட்டினார். ஜெஃப்ரி இரண்டு கையையும் தூக்கினார். ரஃபீக் மட்டும் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து மூடியைக் காட்டினார்.

"ஒரு மாசம். எழுதி இருக்கு. நான் எழுதினது."

"நீ முதலாளிடா," என்றார் ஜெஃப்ரி. மூன்றாவது மேசையை நினைத்துக்கொண்டேன்.

பவுலின் சிரித்தபடி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. கீழே இலை லோரி புறப்படப் பார்த்தது. அதை விட்டால் மெயின் ரோடு வரை மழையில் நடக்கவேண்டும். நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

போன வாரம் குமுதா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். தொட்டியருகே ஆறு கோப்பைகள், நான் அடுக்கினபடியே, அடியில் டீக்கறை காய்ந்து. பக்கத்தில் ஐந்து பேர், கடையில் பொட்டலம் கட்டுவதுபோல மேலே நூல் கட்டிய பிளாஸ்டிக் பையிலிருந்து டீ உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். பவுலின் கையில் மறுபடி கையுறை. விதி விதிதானாம், லேட்டாக வந்தவரைத் தவிர வேறு யாரும் அந்தக் கோப்பைகளைத் தொடக்கூடாதாம்.

படத்துக்குப் பின்னாலேயே பவுலினின் குரலும் வந்தது. "அவசரமில்ல. மெதுவா வாங்க. பை டீயும் நல்லாத்தான் இருக்கு."

இன்னும் போகவில்லை. கோப்பைகள் அங்கேயே இருக்கின்றன.