இறக்கையின் அடியில் இருந்த ஓட்டைகள்

அன்றைக்கு ஷெட்டில் இருந்தது நான்கு பேர். விமானத்தைத் தன் கையாலேயே கட்டிய ராகவன் சார். காபி பிளாஸ்க்கோடு அவர் மனைவி கமலா அம்மா. பறக்க விடலாமா என்று பார்க்க வந்த இன்ஸ்பெக்டர். அப்புறம் நான், கோவளத்தில் ஃபைபர் படகு ரிப்பேர் பார்க்கிறவன், எட்டாவதோடு படிப்பை விட்டவன்.

இன்ஸ்பெக்டர் இடது இறக்கையின் நுனியைப் பிடித்து லேசாக ஆட்டினார். உள்ளே தண்ணீர் குலுங்கியது.

சார் ரிட்டயர்டு இன்ஜினியர். செங்கல்பட்டு பக்கம் சொந்த நிலத்தில் ஷெட் போட்டு, மரச்சட்டத்தில் துணி போர்த்திய இரண்டு சீட்டு விமானத்தைக் கட்டியிருந்தார். சில வருஷம் ஓட்டியும் இருந்தார். பிறகு பழைய இன்ஜினை எடுத்துவிட்டுப் பெரியது மாட்ட முடிவு செய்தார். அதோடு இறக்கைக்கும் புதுத் துணி. துணியை அவரே போர்த்தினார். பெயின்ட் வேலை எனக்கு. பைலட் மெடிக்கலில் கண் இந்த ஒரு தடவைதான் தேறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த சீசனை விட்டால் அவருக்கு வேறு சீசன் கிடையாது.

எனக்குப் பயம் அதிகம். ஒரு ஸ்க்ரூவைத் தொட்டால்கூட சாருக்குப் போன் போடுவேன். "உன் சந்தேகத்துக்குத் தனியா சம்பளம் போடணும்யா" என்பார். ஆனால் எடுக்காமல் இருந்ததில்லை.

பெயின்ட் அடிக்க மச்சான் டேவிட்டையும் கூட்டிப் போனேன். இறக்கையின் அடியில், பின்விளிம்பை ஒட்டி, மிளகு அளவில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன.

"இன்னா மச்சான், புதுத் துணியில ஓட்டை வுட்டுகீறாரு?"

"மறந்துட்டிருப்பாரு. அடைச்சிடு."

"கேட்டுக்கயேன். தும்மறதுக்கே போன் போட்டு கேக்குற ஆளு நீ."

"ஓட்டைய அடைக்க எவன்டா கேப்பான்?"

படகில் ஓட்டையைக் கண்டால் கை தானாகப் பட்டி மாவை எடுக்கும். அடைத்து, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்தோம். தடவினால்கூடத் தெரியாது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்ஜின் வேலைக்கு இடம் வேண்டுமென்று இறக்கைகளைக் கழற்றி வெளியே தார்ப்பாய்க்குள் வைத்தோம். அந்த வருஷம் மழை விடவே இல்லை. கீல் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அப்படி இறங்குகிற தண்ணீர் வெளியேறத்தான் அந்த ஓட்டைகள்.

"தண்ணி வடியற ட்ரெயின் ஹோல் எங்க சார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சார் குனிந்து விளிம்பைத் தடவிக்கொண்டே போனார். நான்தான் சொன்னேன், அடைத்தது நான் என்று. சார் துணியைக் கிழித்து, உள்ளே நீளமாக ஓடும் முக்கியக் கட்டையில் ஸ்க்ரூடிரைவரை வைத்தார். இட்லியில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

"இவன் மேல தப்பில்ல சார். எதுக்குன்னு நான் சொல்லியிருக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டரிடம். என்னைத் திட்டியிருக்கலாம். கமலா அம்மா காபியை ஊற்றி முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார்.

புதுக் கட்டை போட்டு முடிப்பதற்குள் மெடிக்கல் காலாவதியாகிவிட்டது. இன்ஜினை விற்றுவிட்டார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சந்தேகப்பட்டதையெல்லாம் நான் கேட்டேன். அதில் ஒன்றுகூடக் கெடவில்லை. நன்றாகத் தெரியும் என்று நினைத்ததுதான் கெட்டது. அதையும் கேளுங்கள்.

பேசின கூலியில் பாக்கியை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி சார் இன்னும் போன் செய்கிறார். போனால் அந்த இறக்கையைப் பார்க்க வேண்டியிருக்கும். பதினோராயிரம் ரூபாய். அவரிடமே இருக்கிறது.