மனைவியின் காலுக்கு ஒரு வால்ட்ஸ்

ஜோடி நடனக் கூடத்தில் பாட்டுப் போடுபவர் என்பதால் பாட்டுக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் வாய்விட்டுப் பாடினால் கழுதைகூட வெட்கப்படும். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பார். சனிக்கிழமை மாலை கூடத்து மூலையில் உட்கார்ந்துவிட்டால், வால்ட்ஸ் நடனத்துக்கு மூன்று தட்டு, ஃபாக்ஸ்ட்ராட்டுக்கு நான்கு என்று விரல் தானாக மேசையைத் தட்டும். நடுவில் ஒரு வால்ட்ஸை ஓடவிட்டு, இறங்கிப் போய் மனைவியோடு ஆடுவார்.

அவளுக்கு நரம்பு நோய். முதல் தட்டு விழுந்த பிறகும் அவள் பாதம் காற்றில் நின்றதை ஒருநாள் கவனித்தார். அடுத்த வாரம் பாட்டுப்பெட்டியின் வேகக் குமிழைக் குறைவுப் பக்கம் மயிரிழை திருப்பினார். சுருதி மாறாததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நோய் முற்ற முற்ற அவரும் திருப்பிக்கொண்டே போனார். கூடமே அவள் காலுக்கு ஆடியது.

"மாத்திரை வேலை செய்யுதுங்க. பாருங்க, ஒரு அடி தப்பலை" என்பாள் அவள். அவர் தலையாட்டுவார்.

பக்கத்து ஊர் நடன விழாவுக்குக் கூடத்தின் மற்ற ஜோடிகள் போனபோது குட்டு உடைந்தது. அங்கே வாத்தியக்காரர்கள் நேரில், உரிய வேகத்தில் வாசித்தார்கள்.

"பாட்டு முடிஞ்சு ஏப்பம் விட்டுடுச்சு, நாங்க பாதித் தரையில நிக்கிறோம்!" என்று பொரிந்தார் கூடத்தை நடத்தும் டீச்சரம்மா. "சவ ஊர்வலத்துல பழகினீங்களான்னு கேக்கறாங்க. ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"அவளால முடியலைம்மா."

"சொல்லியிருந்தா அவங்களுக்குன்னு ஒண்ணு மெதுவா போட்டிருக்கலாமே?"

"அவளுக்குன்னு போட்டா, அவளுக்குத் தெரிஞ்சிடுமேம்மா."

டீச்சரம்மா குமிழைச் சரியான இடத்துக்குத் திருப்பி வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை வால்ட்ஸ் தொடங்கியது. சுற்றிலும் ஜோடிகள் தடுமாறிச் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்கள். அவள் கால் முதல் தட்டைத் தவறவிட்டது, அடுத்ததையும். அவர் அவள் இடுப்பைத் தாங்கினார். அவள் தன் காலைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கே எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது.

"நோய் நின்னுடுச்சுன்னு இருந்தேங்க" என்றாள். சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

மறுவாரம் அவள் வரவில்லை. வீட்டிலேயே நாற்காலிகளை ஒதுக்கி, மெதுவாக ஒரு வால்ட்ஸ் போட்டு அவர் கை நீட்டினார்.

"நிறுத்திடுங்க" என்றாள். "எவ்வளவு மெதுவா ஓடுதுன்னு இப்ப எனக்கே கேக்குது."