மாமா ஒப்படைத்த உலகம்

மாமா எந்த வேலையிலும் மூன்று மாதத்துக்கு மேல் நின்றதில்லை. ஒரு கம்பியூட்டர் விளையாட்டில் மட்டும் ஒன்றரை வருடம் நின்றார். அவர் அம்மாவின் தம்பி. கிளிநொச்சிக்குப் பக்கத்தில், தர்மபுரத்தில் எங்களோடு இருந்தார். சண்டை முடிந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அப்பா அந்தச் சண்டையிலேயே போய்விட்டார். மாமா விளையாடிய காலத்தில் எனக்குப் பதினொரு வயது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த எங்கள் வீடு சுவரோடு நின்றுபோய், மேலே பழைய தகரம் போட்டிருந்தோம்.

அந்த விளையாட்டில் உலகம் முழுவதும் சதுரக் கட்டிகள். மரத்தை வெட்டினால் ஒரு கட்டி, மண்ணைத் தோண்டினால் ஒரு கட்டி. அவற்றை அடுக்கி வீடு கட்டிப் பிழைக்க வேண்டும். மாமாவுக்கு அது போதவில்லை. கிளிநொச்சியில் கம்பியூட்டர் திருத்தும் சிநேகிதனிடம் போய், யார் யாரோ எழுதிச் சேர்த்த 'மொட்' என்ற மேலதிகத் துண்டுகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதன் பிறகு அந்த உலகில் எதுவும் லேசாகக் கிடைக்கவில்லை. கல்லைத் தட்டிக் கூராக்காமல் மரம் முறியாது. கல்லுக்குப் பிறகு செம்பு, செம்புக்குப் பிறகு வெண்கலம். இரும்பைத் தொட மாமாவுக்கு நாலு மாதம் பிடித்தது. அங்கே பத்து நாளுக்கொரு முறை ஒரு பேய்க்கூட்டம் வீட்டைத் தேடி வரும். ஒவ்வொரு முறையும் முன்னையதைவிடப் பெரிதாக வரும். அதற்காக மாமா வீட்டைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சுவர் கட்டியிருந்தார். இதெல்லாம் காணாதென்று, ஒருமுறை செத்தாலே உலகம் முழுவதும் அழிந்துபோகும்படி மாமா வைத்திருந்தார். ஏன் அப்படி என்று கேட்டேன். அப்போதுதான் கவனமாக இருப்போம் என்றார்.

எனக்குப் பிடித்தது அவர் கட்டிய களஞ்சிய அறை. சுவர் முழுக்க இழுத்துத் திறக்கிற லாச்சிகள். ஒவ்வொரு லாச்சியின் முகப்பிலும் உள்ளே இருப்பதன் படம்: கரி, செம்பு, கோதுமை, கயிறு. ஒன்றையும் தேட வேண்டியதில்லை. எங்கள் வீட்டிலிருந்த ஒரே அலுமாரிக்குக் கதவு பூட்டாது. எல்லாம் அதற்குள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும்.

அம்மாவுக்கு அந்தத் திரையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"அதுக்குள்ள மூண்டு சுவர் வைச்சுக் கட்டுறார் எஞ்சினியர். இஞ்ச தகரம் பறக்குது, ஒரு ஆணி அடிக்க ஆளில்லை."

மாமா சிரித்துக்கொண்டே ஆணி தேடுவார். ஆணி கிடைக்காது.

பிறகு அவர் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டார். எந்த நாடு என்பது அம்மாவுக்கும் சரியாகத் தெரியாது. முதலில் ஒரு நாடு, அங்கிருந்து இன்னொன்று என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். போகிற நாள் காலையில் மாமா என்னைக் கம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் இருத்தினார்.

"எடி பிள்ளை, உலகத்தை உன்னட்ட விட்டுட்டுப் போறன். செத்துப் போயிடாத. கூட்டம் வந்தா என்ன சத்தம் கேட்டாலும் உள்ளயே இரு. மூண்டு சுவர், ஒண்டும் வராது."

நான் ஓம் என்றேன். அதுவரை யாரும் என்னிடம் எதையும் ஒப்படைத்ததில்லை.

பள்ளிக்கூடத்தால் வந்ததும் கோதுமை விதைப்பேன், அறுப்பேன், லாச்சியில் போடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா போன் எடுப்பார். அம்மா முதலில் கதைப்பா. அழுது முடித்தபின் போன் என்னிடம் வரும். உலகம் இருக்கிறதா என்று கேட்பார். இருக்கிறது என்பேன். இரண்டு கூட்டங்கள் வந்து சுவரில் முட்டிவிட்டுத் திரும்பிப் போயின.

மூன்றாவது கூட்டம் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. அம்மா வயலுக்குப் போயிருந்தா. அந்த முறை வந்தவற்றில் சில வெடித்தன. சுவரின் முதல் வரிசை சரிந்தது. கம்பியூட்டர்ப் பெட்டி அதிர்கிற மாதிரிச் சத்தம்.

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பை தொங்கும். பிறப்புச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம், ஒரு டோர்ச், ஒரு சோடி உடுப்பு. சத்தம் கேட்டால் யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று அம்மா என்னை மடியில் வைத்துச் சோறு தீத்துகிற காலத்திலேயே சொல்லித் தந்திருந்தா. வீட்டுக்குள் நின்றவர்கள் செத்தார்கள், வெளிக்கிட்டவர்கள் தப்பினார்கள். அவ கண்டது அதுதான். எங்கள் தெருவில் எல்லாக் கதவுகளுக்கும் பின்னால் அப்படி ஒரு பை தொங்கியது.

நான் யோசிக்கவில்லை. திரைக்குள் லாச்சி லாச்சியாக எல்லாவற்றையும் அள்ளி முதுகுப்பைக்குள் போட்டேன். கதவைத் திறந்து ஓடினேன். பாரம் கூடினால் கால் மெதுவாகும்படி மாமா ஒரு மொட் போட்டிருந்தது மறந்துபோனது. மாமா அங்கே வெட்டியிருந்த கிணற்றைத் தாண்டுமுன் பேய்கள் பிடித்துவிட்டன. திரை கறுத்தது. இரண்டு வரி எழுத்து வந்தது. பிறகு பெயர்ப் பட்டியலில் அந்த உலகம் இல்லை.

அழுவதற்கு நேரமிருக்கவில்லை, அடுத்த நாள் ஞாயிறு. புதிய உலகமொன்றைத் திறந்தேன். எதையும் கேட்டவுடன் தருகிற, பேயே வராத, சாகவே முடியாத வகையில் அதை வைத்தேன். ஒன்றரை வருட வேலையை ஒன்றரை மணித்தியாலத்தில் கட்டி முடித்தேன். அதே லாச்சிகள், அதே படங்கள். மாமா திரும்பி வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டார் என்று நம்பினேன்.

ஞாயிறு அவர் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ஒரு புதன்கிழமை, அம்மா கிணற்றடியில் நின்ற நேரத்தில் எடுத்தார். பின்னால் பல ஆண்களின் குரல் கேட்டது. அம்மாவைக் கூப்பிடவா என்றேன். வேண்டாம், இங்கே பத்துப் பேர் நிற்கிறார்கள், ஒன்றும் கதைக்க ஏலாது என்று மெதுவாகச் சொன்னார். உலகம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"கீழ்வரிசைக் கடைசி லாச்சிக்குள்ள ஒரு புத்தகம் எழுதி வைச்சனான். வாசிச்சனியோ?"

அந்த விளையாட்டில் புத்தகம் எழுதலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் அள்ளிக்கொண்டு ஓடிய சாமான்களுக்குள் அதுவும் இருந்திருக்கும். இல்லை என்று சொன்னால் போய் எடுத்து வாசி என்பார்.

"ஓம் மாமா."

"அம்மாட்டச் சொன்னனியோ?"

"ஓம்."

 பின்னால் யாரோ அவசரப்படுத்தினார்கள்.

"என்ன சொன்னவா?"

"சரியாம்."

"உண்மையாவோ?"

"ஓம் மாமா. சரி எண்டுதான் சொன்னவா."

அப்ப சரி என்றார். போன் நின்றது. அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். கனகராயன்குளத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை, பூநகரியில் நண்டுகளைத் தரம் பிரிக்கிற வேலை, வவுனியாவில் தையல் என்று ஓரிடத்திலும் தங்காமல் போய்க்கொண்டிருக்கிறேன். அம்மா தர்மபுரத்தில்தான் இருக்கிறா. காணாமல் போன மாமாவின் படத்தோடு பல அரசாங்கக் கந்தோர்களுக்கு ஏறி இறங்கிவிட்டா. கந்தோர்க்காரர்கள் கடைசியாக எப்போது கதைத்தார் என்று கேட்பார்கள். அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லுவா. அந்தப் புதன்கிழமையைப் பற்றி அவவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. வழியில் படகில் ஏறச் சொன்னால் ஏறட்டுமா என்று மாமா அந்தப் புத்தகத்தில் கேட்டிருக்கலாம். சரிவராவிட்டால் திரும்பி வரட்டுமா என்றும் கேட்டிருக்கலாம். எதுவானாலும், அம்மாவின் பேரில் நான்தான் சரி சொன்னேன்.

அன்றைக்கு எனக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். மாமா என் பொய்யைக் கண்டுபிடிக்கவில்லை என்ற சந்தோசத்தில், இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.