ஒன்பதாவது பலகை

பல் செட் செய்யும் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கும் அவளை அங்கே எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் செய்கிற அக்கா, அதனால் பல்லக்கா. முதலாளி அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவர் வாயிலும் அதுதான் வரும். "நாலு பேர் தோள்ல தூக்கிட்டுப் போற சாமான் மாதிரி இருக்கு, வேற பேரு கிடைக்கலையா?" என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தாள். பேர் ஒட்டியது ஒட்டியதுதான்.

பல் டாக்டர்களிடமிருந்து வாயின் அச்சு சாந்தில் வார்த்து வரும். அதன்மேல் மெழுகில் ஈறு கட்டி, சின்னக் கத்தியை விளக்கில் சூடுகாட்டி, ஒவ்வொரு பல்லாக நட வேண்டும். அவள் செய்த செட்டைப் போட்டவர்களைப் பார்த்தால் பொய்ப்பல் என்று யாருக்கும் தெரியாது. முன்பல் ஒன்றை இம்மியளவு திருப்பி வைப்பாள், பக்கத்துப் பல்லின் ஓரத்தை லேசாகத் தேய்த்துவிடுவாள். அறுபது வயது வாயில் பதினாறு வயதுப் பல்லை வரிசையாக நட்டு வைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டின மாதிரி இருக்கு" என்று மூக்கைச் சுளித்துத் தள்ளிவிடுவாள். முதலாளி கத்தினால் சிரித்துக்கொண்டே போகிறவர்கள்கூட அவள் மூக்கு சுளித்தால் செட்டை எடுத்துக்கொண்டு நேராக மறுபடி விளக்குக்குப் போவார்கள்.

அவளுக்கு நாற்பத்தைந்து முடிந்த அன்று தம்பி ஒரு பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தான். அவளைவிட நாலு வயது சின்னவன். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற ஷோரூமில் வேலை. பேச்சிலே எதையும் விற்றுவிடுவான்.

"பிரிச்சுப் பாரு. பார்த்துட்டு அழக்கூடாது" என்றான்.

உள்ளே உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிதாக ஒரு கையடக்க விளையாட்டுக் கருவி. பொத்தானை அழுத்தினாள். திரையில் கூரைகள் வந்தன, ஓட்டுக் கூரைகள். அவற்றின் மேல் குடையோடு ஒரு குட்டி ஆள் நின்றான்.

"குடைக்காரன்" என்றாள்.

அந்த விளையாட்டுக்கு உண்மையான பேர் என்னவென்று அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்ததில்லை. சின்ன வயதில், அவர்கள் அப்பா வேலை பார்த்த துணிக்கடையின் முதலாளி, தன் பிள்ளைகள் டி.வி.யில் மாட்டி விளையாடிச் சலித்த வீடியோ கேம் பெட்டியைத் தூக்கிக் கொடுத்திருந்தார். அதோடு வந்தது அந்த ஒரே ஒரு விளையாட்டுதான். ஆகவே அக்காவும் தம்பியும் இரண்டு வருஷம் அதையே விளையாடினார்கள். ஆள் ஓடுவான், கூரைவிட்டுக் கூரை தாவுவான், குடையை விரித்தால் மெதுவாக இறங்குவான். மொத்தம் எட்டுக் கட்டம்.

ஆறாவது கட்டத்தில் ஒரு பாலம் வரும். பதினொரு பலகை. கால் பட்ட மறுகணம் ஒவ்வொரு பலகையும் விழும், நிற்காமல் ஓடினால் தப்பிக்கலாம். ஒன்பதாவது பலகை மட்டும் கால் படுவதற்கு முன்னாலேயே விழுந்துவிடும். தெருவில் அந்த விளையாட்டு வைத்திருந்த பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் மண்ணைக் கவ்வினார்கள். பெரிய லீவு முழுவதும் அவள் அந்தப் பாலத்தின் முன்னால் உட்கார்ந்தாள். எட்டாவது பலகையின் நுனிக்குப் போய், குதித்து, பாதி தூரத்தில் குடையை விரித்து, உடனே மடக்கி, பத்தாவது பலகையில் விழவேண்டும். ஒரு துளி முன்னே பின்னே ஆனாலும் ஆள் காலி. லீவு முடிய ஆறு நாள் இருக்கும்போது தாண்டினாள். அதன் பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து பொத்தான் கட்டையை அவள் கையில் கொடுத்து, தாண்டிய பிறகு வாங்கிக்கொள்வார்கள். தம்பியும் அப்படித்தான்.

இதை அவள் யாரிடமும் பெருமையடித்தது கிடையாது. ஆனால் பல் கூடத்தில் சேர்ந்த புதிதில், மெழுகு ஓடி ஓடி எல்லாம் பாழாகி அழுகை முட்டியபோது, ஒன்பதாவது பலகையைத்தான் நினைத்துக்கொண்டாள். அவளிடம் பொறுமை என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பாலத்தில் கிடைத்தது என்று நம்பினாள்.

தம்பி கிளம்பியதும் வீட்டுக் கூடத்து நாற்காலியில் கால்களைத் தூக்கிவைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். ஐந்து நிமிஷத்தில் முகம் மாறியது.

பழைய விளையாட்டையே புதிதாகச் செய்திருந்தார்கள். முதல் எரிச்சல் குடைக்காரன் வாயைப் பார்த்து. பழைய குடைக்காரனுக்கு வாயே கிடையாது. நாலைந்து சதுரப் புள்ளிதான் முகம். அதில் அவன் பயப்படுகிறானா சிரிக்கிறானா என்பது விளையாடுகிறவர்கள் மனசுப்படி. இவனுக்கு வழவழவென்று கன்னம், துருதுருவென்று புருவம், எல்லாவற்றுக்கும் மேலே வாய் நிறையப் பல். ஒவ்வொரு கூரையைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்துப் பல்லை இளித்தான். அவள் கருவியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"கோரைப்பல்லே இல்லைங்க" என்றாள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் கணவர் செய்தித்தாளை இறக்கினார். "யாருக்கு?"

"இந்தப் பயலுக்கு. முன்பல்லு பத்து. எல்லாம் ஒரே அளவு. அதுக்கப்புறம் நேரா தொண்டை."

"அவன் என்ன கரும்பா கடிக்கப்போறான். விளையாட்டைப் பாரு."

பார்த்தாள். ஓடும்போது "ஹுர்ரே" என்றான், விழுந்தால் "அச்சச்சோ" என்றான், கூரைக்குக் கூரை தங்கக் காசு கொட்டியது. நாலே சுரத்தில் கீச்சிட்டுக்கொண்டிருந்த பழைய பாட்டை ஐம்பது வயலின் சேர்ந்து இழைத்தன. சர்க்கரைப் பாகில் கையை விட்டுவிட்டுக் கழுவத் தண்ணீர் இல்லாத மாதிரி இருந்தது அவளுக்கு. ஆனாலும் நிறுத்தவில்லை. பாலத்தைப் பார்க்கவேண்டும்.

பாலம் வந்தது. கைக்குப் புதிது, பொத்தான் சின்னது. முதல் தடவை விழுந்தாள். இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவையும் விழுந்ததும், 'கிளுக்' என்று ஒரு சத்தம். தங்க நிறத்தில் ஒரு பெரிய சோப்புக் குமிழி மிதந்து வந்து குடைக்காரனை உள்ளே வாங்கிக்கொண்டு, பதினொரு பலகையையும் தாண்டிக் கொண்டுபோய் அந்தப் பக்கம் இறக்கிவிட்டது. அவன் இடுப்பில் கை வைத்துப் பல்லைக் காட்டினான். 'அருமை!' என்று எழுத்து விழுந்தது.

கருவியைக் கவிழ்த்துப் போட்டாள். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

"என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"தூக்கிட்டுப் போய் விட்டுடுதுங்க. மூணு தரம் விழுந்தா போதுமாம். இடுப்புல வச்சுத் தூக்கிட்டுப் போய், வாயும் துடைச்சு விட்டுட்டு, அருமைன்னு வேற சொல்லுது."

"நல்லதாப் போச்சே."

"என்ன நல்லது?"

அவர் செய்தித்தாளை மறுபடி உயர்த்திக்கொண்டார். இருபது வருஷ அனுபவம்.

இரண்டு நாள் கருவியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், பல் கூடத்தின் பின்பக்க அறையில், அமைப்புப் பக்கத்தைத் துழாவி 'உதவி வேண்டாம்' என்ற இடத்தைக் கண்டுபிடித்தாள். இனிக் குமிழி வராது. பாலத்துக்குப் போனாள். விரல்களுக்குப் பழசு மெல்ல ஞாபகம் வந்தது. எட்டாவதின் நுனி, குதி, விரி, மடக்கு. பத்தாவதில் இறங்கி, ஓடித் தாண்டினாள். நெஞ்சு ஒரு கணம் நிறைந்தது. இன்னொரு தடவை பார்க்கலாமென்று திரும்பப் போனாள். அவசரத்தில் குதிக்காமல் ஓடிவிட்டாள்.

ஒன்பதாவது பலகை விழவில்லை.

மற்ற பலகைகளைப் போலவே காலுக்கு அடியில் இருந்தது. கால் எடுத்த பிறகுதான் விழுந்தது. அவள் நம்பாமல் நாலு தடவை ஓடிப் பார்த்தாள். நாலு தடவையும் ஒன்பதாவது பலகை நல்ல பிள்ளையாகக் காத்திருந்தது. தாவவே வேண்டியதில்லை.

கருவியில் விளையாட்டைச் செய்தவர்களைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. பழைய படங்கள், பழைய தாள்கள். ஆறாவது கட்டத்துக்குக் கீழே சில வரிகள்: 'பாலத்தின் ஒன்பதாவது பலகை முன்னதாகவே விழுவது எங்கள் தவறு. எண் ஒன்றைப் பிசகாக எழுதிவிட்டோம். திருத்த நேரம் இல்லாமல் அப்படியே வெளியிட நேர்ந்தது. இப்போது சரிசெய்துவிட்டோம். அன்று அங்கே அழுத எல்லாக் குழந்தைகளிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்.'

எதிரே மேஜைமேல் அவள் பாதி நட்டுவைத்த கீழ்த்தாடை கிடந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு லீவு முழுக்க அவள் முட்டி மோதியது எவனோ பிசகாக எழுதிய எண்ணிலா? அதையா இத்தனை வருஷம் நெஞ்சில் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தாள்? மன்னிப்பு வேறு கேட்கிறார்கள். யார் கேட்டது இவர்கள் மன்னிப்பை?

தம்பிக்குப் போன் போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்போ அது மிஸ்டேக்கா? ஐயோ அக்கா. நான் என்னமோ எனக்குத்தான் கை வராதுன்னு நினைச்சிட்டிருந்தேன். சரி, நானும் ஒண்ணு வாங்கியிருக்கேன் தெரியுமா? நேத்து எட்டுக் கட்டமும் முடிச்சிட்டேன். இப்ப நீயும் நானும் ஒண்ணு."

"குமிழில போனியா?"

"பின்ன? அது எதுக்கு இருக்கு?"

அவள் வாய் நிற்கவில்லை. "உனக்கு எப்பவும் ஒரு குமிழி வேணும்டா. காலேஜ் அப்ளிகேஷன் நான் எழுதினேன். இந்த வேலைக்கு நான் ஆளப் பிடிச்சேன். கல்யாணத்துக்குப் பொண்ணுகிட்ட முதல்ல நான்தான் பேசினேன். உன்னை யாராவது தூக்கிட்டுப் போய் இறக்கி விட்டுக்கிட்டே இருக்கணும், நீ பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கணும். நீயும் நானும் ஒண்ணாம். பார்த்தாலே அருவருப்பா இருக்கு."

அந்தப் பக்கம் ஷோரூமில் யாரோ வாஷிங் மெஷின் விலை கேட்பது மட்டும் கேட்டது.

"அக்கா" என்றான் கடைசியில். குரலில் விற்பனைக்காரன் இல்லை. "அந்தப் பாலத்தை நீ தாண்டிக் கொடுப்பே இல்ல? கொடுத்துட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பே. மூக்கைச் சுளிச்சிக்கிட்டு, செத்த எலியப் பார்க்கிற மாதிரி. எனக்கு விழுந்தது வலிக்கலை. அந்தப் பார்வைதான். அதுக்காகவே விளையாடுறதை விட்டேன். உனக்குத் தெரியாது, நீ தாண்டின சந்தோஷத்துல இருந்தே." யாரிடமோ 'இதோ வரேன்' என்றான். "கஸ்டமர் நிக்கிறாங்க. வைக்கிறேன்."

அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்கூடத்துக்கு வந்தபோது புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு மேல் செட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். நீட்டியவள் செட்டைப் பார்க்கவில்லை, பல்லக்காவின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயந்து, ஒரு அடி தள்ளி. பல்லக்கா அதை அன்றைக்குத்தான் கவனித்தாள். எத்தனை பேர் இப்படி அவள் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். செட்டை வாங்கி, பார்த்து, "இந்த ரெண்டைக் கொஞ்சம் தணிச்சு வை. மத்தது சரியா இருக்கு" என்றாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் குனிந்துகொண்டாள். ஈறு வார்க்கிற அக்ரிலிக் திரவத்தின் நெடி என்றைக்குமில்லாமல் அன்றைக்குத் தாங்கவில்லை. நெடிமேல் பழி போட முடியவில்லை. அருவருப்பு முழுக்க அவள்மேலேயே இருந்தது, எத்தனை தடவை கை கழுவியும் போகாமல்.

இரண்டு வாரம் அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது ஞாயிறு காலை அவளே அவன் வீட்டுக் கதவைத் தட்டினாள். தம்பியின் மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் லுங்கியோடு வந்து திறந்தான்.

"அன்னிக்கு நான் பேசினது அசிங்கம்டா" என்றாள், செருப்பைக் கழற்றுவதற்குள்.

"எது, குமிழியைச் சொன்னதா?"

"அது அசிங்கம்தான், அதுல மாத்தமில்ல. உன்னைச் சொன்னது."

அவன் தலையைச் சொறிந்துகொண்டான். "அப்ளிகேஷன் நீதான் எழுதினே. அது உண்மைதானே. உள்ள வா."

டீ போட்டுக் கொடுத்தான். குடித்து முடித்ததும் அலமாரியிலிருந்து தன் கருவியை எடுத்தான். "உதவி இல்லாம எப்படி வைக்கிறது? காட்டு."

வைத்துக் கொடுத்தாள். அவன் ஆறாவது கட்டத்துக்குப் போவதைப் பார்த்ததும் டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"எங்க போறே?"

"பாத்திரம் கிடக்கு. நீ விளையாடு."

தொட்டியில் நேற்றைய பாத்திரமும் கிடந்தது. சோறு காய்ந்து ஒட்டிய சட்டி, மேலே மிதக்கும் எண்ணெய். மூக்கைப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள். கூடத்திலிருந்து "அச்சச்சோ" கேட்டது. மறுபடி "அச்சச்சோ". எட்டாவது தடவை அவள் கை அரித்தது, ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொள்ள. சட்டியின் அடியைச் சுரண்டினாள்.

"அக்கா, ஓட ஆரம்பிச்சா நிக்கவே கூடாதா?"

"கூடாது. பாலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வேகம் பிடி" என்றாள் திரும்பாமல்.

இன்னும் நாலு "அச்சச்சோ". சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"தாண்டிட்டேன்."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவன் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், நாற்பத்தோரு வயசில். பலகை திருத்தப்பட்ட பலகை, பாலம் இப்போது யாரும் தாண்டக்கூடிய பாலம். அதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"சரி, ஏழாவதுக்குப் போ" என்று சொல்லி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஏழாவது கட்டம் சாக்கடை. பழைய விளையாட்டில் அது வெறும் பச்சைக் கோடு. புதிதாகச் செய்தவர்கள் அதில் கலையார்வத்தைக் கொட்டியிருந்தார்கள். பச்சையும் மஞ்சளுமாகக் கொழகொழவென்று நுரைத்தது, முள்ளு மட்டும் மிஞ்சிய மீன் மிதந்தது, சுவரிலிருந்து எதுவோ நூல் நூலாக வடிந்தது. குடைக்காரன் குடையை மடக்கிக்கொண்டு தலைகீழாக அதற்குள் குதித்தான். 'சளக்' என்று சத்தம்.

தம்பி கருவியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தான். "சீ, சாப்பிடுறதுக்கு முன்னாடி இதைப் பார்க்கணுமா?"

"கருமம்" என்றாள் அக்கா. "போ போ, நிக்காதே. அந்தப் பக்கம் ஏணி இருக்கும்."