தட்டு ஆடி நிற்கும்வரை

அனந்தபுரத்தில் ஓர் உரக்கடையில் எலக்ட்ரானிக் தராசைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது ஃபோன் வந்தது. எங்கள் சர்வீஸ் கடை முதலாளி. "பிரபு, சம்பத்து செத்துட்டான்டா. காலையில நெஞ்சு வலின்னு சொல்லியிருக்கான். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சுபோச்சு" என்றார். அவ்வளவுதான். தராசை மூடி, திருகாணிகளை முடுக்கி, எடைக்கல்லை வைத்து எண் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தால் அந்தக் கடையில் அன்று முழுக்கத் தப்பான எடை ஓடியிருக்கும். சம்பத் அண்ணனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் என்னைவிட மெதுவாகச் செய்திருப்பார்.

படத்திறப்பு அன்று பேசிய எல்லோரும் அவரைப் பொறுமைசாலி என்றீர்கள். ரைஸ் மில்காரர்கள் சொன்னீர்கள், கடைக்காரர்கள் சொன்னீர்கள். மன்னிக்கவும், எனக்கு அதில் உடன்பாடில்லை. அவரோடு ஒரே பைக்கில் செஞ்சி சுற்றுவட்டாரம் முழுக்கத் தராசு ரிப்பேருக்குப் போனவன் நான். போரடித்தால் அந்த நிமிடமே எழுந்துவிடுவார். ஸ்குரூ டிரைவரை எங்கே வைத்தோம் என்று கூடத் தெரியாது. பில் போடச் சொன்னால் ஓடிவிடுவார். பொறுமை உள்ளவர் செய்கிற காரியமா இது? அவரிடம் இருந்தது வேறு. அடுத்து என்ன ஆகும் என்று தெரியாத இடத்தில் மட்டும் அவர் அசையாமல் நிற்பார். தெரிந்துவிட்டால் கிளம்பிவிடுவார்.

அதைக் கடையில் பார்த்ததைவிட, அவர் மகள் கயலோடு விளையாடும்போதுதான் நன்றாகப் பார்த்தேன்.

கயலுக்கு நாலு வயது. அமுதா அண்ணி ஆஸ்பத்திரியில் நர்ஸ்; ஷிஃப்ட் மாறி மாறி வரும். அண்ணி வேலைக்குப் போகிற நேரங்களில் குழந்தை அண்ணன் பொறுப்பு. சில நாள் வேலை நடக்கும் இடத்துக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அப்படித்தான் ஒருமுறை திண்டிவனம் சாலையில் ஒரு மில்லின் எடைமேடைக்கு மூன்று பேரும் போனோம். லாரி ஏறி நிற்கும் பெரிய எடைமேடை. பழசாகிப் போய், சின்ன எடைகளைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்றது. அதைச் சரிபார்க்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் மூடியைத் திறக்குமுன் கயல் மேடையில் ஏறிக் குதித்தாள். அறைக்குள் எடை காட்டும் பெட்டியில் பூஜ்யம். ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போய்க் குதித்தாள். அப்போதும் பூஜ்யம்.

"நைனா, நான் இல்லவே இல்லியா?"

"நீ இருக்குறம்மா. அதுக்குத்தான் தெரியல. லாரி பாத்துப் பாத்து அதுக்குக் கண்ணு கெட்டுப்போச்சு."

"இன்னா பண்ணா தெரியும்?"

"எனக்கு இன்னா தெரியும்? வெச்சுப் பாக்கலாம் வா."

வேலை கிடக்கிறது, மில் மேனேஜர் வாட்சைப் பார்க்கிறார், இவர்கள் இருவரும் மேடையில் சாமான் சேர்க்கிறார்கள். அவளுடைய பை. மில் துடைப்பம். ஒரு கூடை உமி. ஒவ்வொன்றுக்கும் முன்னால், "இப்ப தெரியுமா, தெரியாதா, நீ சொல்லு" என்று அண்ணன் கேட்பார். தானும் ஒரு பதில் சொல்வார். இருவரும் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். கடைசியில் வாட்ச்மேன் பெரியவரை இழுத்து வந்தாள். "தாத்தா, ரெண்டு காலும் வெக்காத. ஒத்தக் கால் மட்டும் வெய்யி." கயலும் மேடையில் ஏறி நிற்க, அவர் கொக்கு மாதிரி ஒரு காலை ஊன்றினார். பெட்டியில் எண் தாவியது. "நான் வந்துட்டேன்!" என்று கயல் போட்ட கூச்சலில் மேனேஜரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அடுத்த வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனால் எந்த எடைக்குமேல் அந்த மேடைக்கு உறைக்கிறது என்பது எனக்கு அந்த விளையாட்டிலேயே ஏறக்குறைய தெரிந்துவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் அவர் வைத்திருந்தது பழைய தட்டுத் தராசு. கடைக்காரர் ஒருவர் எலக்ட்ரானிக் வாங்கியதும் தூக்கிப் போட்டது. கயலுக்குத் தூளி கட்டிய கொக்கியில், தூளி வேண்டாம் என்றான பிறகு அந்தத் தராசைத் தொங்கவிட்டார். உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் போட்டி, செருப்புக்கும் சொம்புக்கும் போட்டி. ஒருநாள் வாசலில் மாட்டி வாழைப்பழத்தையும் முட்டையையும் வைத்தார்கள். கோட்டையிலிருந்து இறங்கி வந்த குரங்கு ஒன்று ஓட்டின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்து, தட்டு நிற்பதற்குள் பழத்தோடு போய்விட்டது. "குரங்கு ஜெயிச்சுது" என்று கயலே தீர்ப்புச் சொன்னாளாம்.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. எடை வேண்டுமென்றால் எலக்ட்ரானிக் தராசு ஒன்றைக் கொண்டுவருகிறேன், எண்ணும் கற்றுக்கொள்வாளே என்றேன்.

"வேணாம்டா தம்பி. அதுல வெச்ச ஒடனே நம்பர் வந்துடும். இதுல தட்டு ஆடும் பாரு, அந்த நேரத்துலதான் புள்ள யோசிக்குது."

நான் பழக்கத்தில் கையை நீட்டித் தட்டை நிறுத்தினேன். கடையில் எல்லாரும் அப்படித்தானே செய்வார்கள்? அப்பாவும் மகளும் ஒரே குரலில் கத்தினார்கள்: "கை வெக்காத! ஆடட்டும்!"

இன்னொரு கட்சி அமுதா அண்ணி. அண்ணிக்கு ஒரே டென்ஷன். "ஊர்ப் புள்ளைங்க எல்லாம் ஆனா ஆவன்னா எழுதுது. எம்புள்ள உப்பு நிறுக்குது. நீயாச்சும் சொல்லு தம்பி" என்பார். நான் அண்ணி பக்கம்தான். எல்கேஜி சேர்க்கப் போன இடத்தில் கயல் செய்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மிஸ் ஒரு சிவப்புப் பந்தைக் காட்டி, இது என்ன கலர் என்று கேட்டிருக்கிறார். இவள் பந்தையும் பார்த்து, மிஸ்ஸையும் பார்த்து, "உங்களுக்குத் தெரியாதா மிஸ்?" என்றிருக்கிறாள். கிண்டல் இல்லை, பாவம், மிஸ்ஸுக்குத் தெரியவில்லை என்று நிஜமாகவே நினைத்துவிட்டாள். அண்ணி வீட்டுக்கு வந்து அண்ணனை ஒரு பிடி பிடித்தார்.

"அவ சொன்னதுல இன்னா தப்பு?" என்றார் அண்ணன். "தெரிஞ்சதையே கேட்டா அது பரீட்சை. நமக்கும் தெரியாதத கேட்டாத்தான் அது வெளையாட்டு."

"அப்ப பரீட்சையில இன்னா பண்ணுவா, வெளையாடுவாளா?" என்றார் அண்ணி.

அண்ணன் தலையைச் சொறிந்தார். பந்து என்ன நிறம் என்று சொல்லப் பழக்குகிறேன் என்று ஒப்புக்கொண்டார். இதையும் எழுதுவது, அவர் சொன்னதெல்லாம் வேதம் என்று யாரும் படம் போட்டுக் கும்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக. இந்த விளையாட்டால் அவள் கெட்டிக்காரி ஆவாளா என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் 'ஆ' எழுதச் சொன்னால் அதன் வால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. ஆனால், "இன்னா ஆகும்னு நெனைக்கிற?" என்று கேட்டால் அந்த முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மெஷினைத் திறக்கும்போது என் முகமும் அப்படி மாறுமோ என்னவோ.

இனிச் சொல்லப்போவது அவர் இறந்த பிறகு நடந்தது. உங்களில் பலருக்குத் தெரியாது.

சாவு வீட்டில் ஐஸ் பெட்டியை உள்ளே கொண்டுவர இடம் வேண்டியிருந்தது. யாரோ தராசைக் கழற்றி மூலையில் வைத்தார்கள். ஒரு தட்டில் கல்லுப்பு இருந்திருக்கிறது, மறு தட்டில் கூழாங்கற்கள். கற்களை வாசலில் கொட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் இருந்த கயலை எல்லாம் முடிந்து அழைத்து வந்தபோது, அவள் முதலில் பார்த்தது கொக்கியைத்தான்.

"என் உப்பு எங்க?"

அண்ணனின் அத்தை அடுப்படியிலிருந்து, "எந்த உப்புடி கண்ணு? தட்டுல இருந்ததா? கொழம்புக்குப் பத்தலன்னு போட்டுட்டேன்" என்றார்.

குழந்தை அழவில்லை. அன்று அந்தக் குழம்பைத் தொடவில்லை, அவ்வளவுதான். அதன் பிறகுதான் பேச்சு குறைந்துபோனது. வந்தவர்கள் எல்லாம் அவளைக் கேள்வி கேட்டார்கள். "நைனா எங்கம்மா? சாமிகிட்டப் போயிட்டாருல்ல?" எல்லாமே பதில் தெரிந்த கேள்விகள்.

காரியம் முடிந்த சில நாளில் அண்ணி கூப்பிட்டார். "தம்பி, அந்தத் தராச கடைக்கே எடுத்துட்டுப் போயிடு. அத வெச்சுக்கிட்டு மூலையிலயே உக்காந்திருக்கா. எதக் கேட்டாலும் தெரியாதுங்கிறா. எதுவுமே கேக்கவும் மாட்டேங்கிறா. எனக்குப் பயமா இருக்குது." ஒரு நாளைக்கு நூறு 'ஏன்' கேட்ட குழந்தை.

போனேன். எடுத்துக்கொண்டு வரத்தான் போனேன். கயல் ஒரு தட்டை மடியில் வைத்திருந்தாள். குழந்தைகளிடம் இதமாகப் பேச எனக்கு வராது. எனக்குத் தெரியாத ஒன்று அங்கே இருந்தது, அதைக் கேட்டேன்.

"உப்பையும் கல்லையும் எதுக்கு வெச்சீங்க?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டும் சமமா நிக்கவெச்சோம். மழ வந்தா உப்பு கீழ போவும்னு நைனா சொல்லுச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"போவாதுன்னு."

"சரி, மறுபடி வெச்சுப் பாத்துடலாமா?"

"வேணாம்." தட்டை இறுக்கிக்கொண்டாள். "நைனா தோத்துட்டா?"

இதற்கு எந்தப் பாலிடெக்னிக்கிலும் பதில் சொல்லித்தரவில்லை. சமையல்கட்டு வாசலிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். நான் யோசித்துப் பேசவில்லை, தெரியாததால்தான் கேட்டேன்.

"தோத்தா உங்க நைனா இன்னா பண்ணுவாரு?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தலையில துண்டு போட்டுக்கும். போட்டுக்கிட்டு ஊடு பூரா சுத்தி வரும். அய்யோ போச்சே, அய்யோ போச்சேன்னு." வாயோரம் லேசாகக் கோணியது. "அதுக்குத் தோக்குறதுதான் புடிக்கும்."

"துண்டு இருக்குதா?"

எழுந்து போய் எடுத்து வந்தாள். அண்ணன் வேலைக்குத் தோளில் போட்டு வருகிற அதே ஈரிழைத் துண்டு. நைனா தோற்றால் அவருக்குப் பதிலாக நான் போட்டுக்கொண்டு வீடு முழுக்கச் சுற்ற வேண்டும் என்று ஒப்பந்தம். அய்யோ போச்சே என்று கத்தவும் வேண்டும். தெரு வரைக்கும் போக வேண்டுமா என்று கேட்டேன். யோசித்து, "கொஞ்சம் போ" என்றாள்.

கொக்கியில் மாட்டினோம். அண்ணியே புது உப்பைக் கொண்டுவந்து கொட்டினார். வாசலில் கிடந்த கற்களைக் கயல் பொறுக்கி வந்தாள். ஒரு கல் போட்டால் அந்தப் பக்கம் சாய்ந்தது, எடுத்தால் இந்தப் பக்கம். தட்டு ஆடிக்கொண்டே இருந்தது. என் கை தானாகப் போனது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கை வெக்காத சித்தப்பா. ஆடட்டும்."

ஆடட்டும் என்று நின்றோம், மூன்று பேரும். கடைசியில் இரண்டு தட்டும் சமமாக நின்றன. ஈரக்காற்றில் உப்பு கசியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் துரு ஏறிய அந்தத் தராசுக்கு அவ்வளவு நுணுக்கம் இருக்குமா? சத்தியமாகத் தெரியாது. வண்டியில் திரும்பும்போது ராஜகிரிக் கோட்டை மலைக்கு மேலே மேகம் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். வாழ்க்கையில் நான் மழைக்காக வானத்தைப் பார்த்தது அன்றுதான்.

இரண்டு மூன்று நாள் தூறலும் வெயிலுமாகப் போயிற்று. பிறகு விடாத மழை பிடித்துக்கொண்டது. மேல்மலையனூரில் ஒரு கடையில் இருந்தபோது அண்ணியின் நம்பரிலிருந்து ஃபோன். எடுத்தால் கயல்.

"சித்தப்பா! உப்பு கீழ போயிடுச்சு! நைனா ஜெயிச்சுடுச்சு! நான்தான் துண்டு போட்டுக்கிட்டேன், அம்மாவும் சுத்துச்சு!"

பின்னால் அண்ணி சிரிப்பதும் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. பிறகு குழந்தை குரலைத் தாழ்த்தி, "ஆனா ஏன் சித்தப்பா?" என்றாள்.

ஏன் என்று கேட்டுவிட்டாள்.

காற்றில் ஈரம், உப்பு அதை இழுத்துக்கொள்ளும் விதம், எல்லாம் என் நாக்கின் நுனியில் இருந்தது. அரை நிமிடத்தில் சொல்லி முடித்து ஃபோனை வைத்திருப்பேன். கடைக்காரர் வேறு, "இன்னாப்பா, வேல ஆவுமா ஆவாதா?" என்று என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். உப்பு ஏன் கனத்தது என்று எனக்குத் தெரியும். அவள் என்ன நினைக்கிறாள் என்றுதான் தெரியாது. அதனால் அதைக் கேட்டேன்.

"நீ இன்னா நெனைக்கிற கயல்?"

"இரு, யோசிக்கிறேன்."

ஃபோனில் மழைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சம்பத் அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதைத்தான்: கையை வைக்காமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை. கடைக்காரரிடம் சைகையில் இருக்கச் சொல்லிவிட்டு, ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.